பான்ஜோ வாசித்த கையில் காமிரா

ஆடி மாதம் பிறந்துவிட்டால் பூவிருந்தவல்லியிலும் திருவேற்காட்டிலும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் மேளச் சப்தம் கேளாத இரவு அரிதாகிவிடுகிறது. பம்பையும் உடுக்கையும் பறையும் தெருத் தெருவாக முழங்குகின்றன. கூடிநிற்கும் ஜனங்களின் கைகளிலே நூற்றுக்கணக்கான கைபேசிகள் உயர்கின்றன. ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கப்படுகின்றன. மறுநாள் பத்திரிகையிலும் ஒரு படம் வெளியாகிறது. அதன் கீழே உற்சவத்தைத் தொடங்கி வைத்த பிரமுகரின் பெயரும், தலைமை வகித்தவரின் பெயரும், உபயதாரரின் பெயரும் ஒழுங்காக அச்சிடப்பட்டிருக்கும். படத்தின் நடுவே கழுத்து நரம்பு புடைக்கப் பம்பை வாசித்து நிற்பவரோ, "நாட்டுப்புறக் கலைஞர் ஒருவர்" என்ற இரண்டு மூன்று வார்த்தைகளில் அடங்கிப் போகிறார். அவருக்குப் பெயர் இல்லையா? ஊர் இல்லையா? குரு இல்லையா?

இஃது அற்ப விஷயம் என்று சிலர் கருதலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு ஜனசமூகம் தனது பாட்டையும் தனது முகத்தையும் யாரிடம் ஒப்படைக்கிறது என்பது அதன் சுயமரியாதையைச் சார்ந்த விஷயமாகும். இதை விளக்குவதற்கு, கடல் கடந்த தேசத்தில் வாழ்ந்த ஒரு பாட்டுக்காரரின் சரித்திரத்தை இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். அவர் நாடோடிப் பாடல் பாடியவர். பின்னர் காமிராவைக் கையில் எடுத்து, தம்முடன் பாடியவர்களையே படம் பிடித்தவர். அமெரிக்காவின் ராக் சங்கீதக்காரர்களுடைய முகங்களை உலகம் இன்று அறிந்திருப்பதற்கு அவர் பெரிதும் காரணமானவர். அவர் பெயர் ஹென்ரி டில்ட்ஸ்.

ஸ்ரீ டில்ட்ஸ் 1938-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 6-ந் தேதி, ஐக்கிய அமெரிக்காவில் மிசௌரி மாகாணத்தைச் சேர்ந்த கான்ஸஸ் நகரத்தில் பிறந்தார். இளமையிலே டோக்கியோ, பாங்காக், மியூனிச் முதலிய அந்நிய நகரங்களில் வசித்தார். வெஸ்ட் பாயிண்டிலுள்ள ராணுவக் கல்லூரியில் ஒரு வருஷம் பயின்றுவிட்டு, அதை விட்டு நீங்கி, ஹவாய்த் தீவிலுள்ள சர்வகலாசாலையில் மனோதத்துவம் படிக்கச் சென்றார். படிப்பு ஒரு பக்கம் இருக்க, பாட்டு அவரை இழுத்துக் கொண்டது. ஹொனோலுலு நகரத்துக் காப்பிக் கடையில் பாடிக்கொண்டிருந்த நண்பர்களுடன் சேர்ந்து, 1962-ம் வருஷ வாக்கில் 'மாடர்ன் போக் குவார்ட்டெட்' என்ற நால்வர் குழுவை அமைத்தார். அக்குழுவிலே அவர் பாடியதோடு பான்ஜோவும் வாசித்தார்.

பான்ஜோ என்னும் வாத்தியத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதன் குடத்தின் மேல் தோல் போர்த்தியிருக்கும். தோலின் மீது தந்திகள் ஓடும். ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள், தங்கள் நாட்டு வாத்தியங்களை நினைவில் வைத்து அமெரிக்க மண்ணில் மீண்டும் செய்துகொண்ட வாத்தியம் அது. பிற்காலத்தில் வெள்ளையர் அதை எடுத்துக் கொண்டனர். அதன் பூர்வீகத்தை நெடுங்காலம் பலர் மறந்தும் போயினர். தோல் வாத்தியத்தை இழிவாகவும், அதை வாசிப்போரை அதனினும் இழிவாகவும் நடத்திய தேசம் நம்முடையது மாத்திரமன்று என்பதை நேயர்கள் இதனால் அறியலாம்.

அக்காலத்தில் அமெரிக்காவில் நாடோடிப் பாடல்களுக்குப் புத்துயிர் பிறந்திருந்தது. மலைவாசிகளின் பாடல்களையும், சுரங்கத் தொழிலாளரின் பாடல்களையும், நீக்ரோக்கள் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பின மக்களின் பாடல்களையும் இளைஞர்கள் தேடிக் கற்றனர். 1963-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 28-ந் தேதி, மார்ட்டின் லூதர் கிங் முதலியோர் வாஷிங்டன் நகரில் கூட்டிய மாபெரும் உரிமைக் கூட்டத்தில் ஓடெட்டா, ஜோன் பேயஸ், பாப் டிலன் ஆகிய நாடோடிப் பாடகர்கள் பாடினார்கள். மகாத்மாவின் சத்தியாக்கிரக மார்க்கத்தைத் தமது மார்க்கமாகக் கொண்டவர் கிங் என்பதை நாம் நேயர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த யுகத்தின் காற்றைச் சுவாசித்தே நமது நால்வர் குழுவும் ஊர் ஊராகச் சென்று பாடிற்று. 1963-லும் 1964-லும் அவர்களுடைய இசைத்தட்டுகள் வெளியாயின.

குழு புகழ் பெற்றது. ஆயினும் பெரும் புகழ் பெறவில்லை. மின்சாரக் கிட்டாரின் ஓசை நாடெங்கும் பரவியதும், நாடோடிப் பாடகர்கள் ஒவ்வொருவராக ராக் சங்கீதத்தின் பக்கம் திரும்பினர். 1966-ம் வருஷம் குழு கலைந்தது. ஆனால் கலைவதற்கு முன்னர் அவ்வருஷத்துப் பிரயாணம் ஒன்றில் ஒரு சிறு சம்பவம் நேர்ந்தது. மிச்சிகன் மாகாணத்தில் பழைய சாமான்கள் விற்கும் கடையொன்றில் வண்டியை நிறுத்திய போது, அங்கே கிடந்த பழைய காமிராக்களைக் குழுவினர் விளையாட்டாக வாங்கினர். ஸ்ரீ டில்ட்ஸும் ஒன்று வாங்கினார். வழியெல்லாம் ஒருவரையொருவர் படம் பிடித்துக்கொண்டே ஊர் திரும்பினர்.

எடுத்த பிலிம், திரையில் ஒளி பாய்ச்சிப் பெரிதாகக் காட்டும் ஸ்லைடு வகையைச் சேர்ந்தது. நண்பர்களை வீட்டுக்கு அழைத்து, இருட்டிலே சுவரில் அப்படங்களைக் காட்டியபோது, ஒளி வீசி நின்ற அந்த முகங்களைக் கண்டு ஸ்ரீ டில்ட்ஸ் பிரமித்துப் போனார். அதன் பிறகு நண்பர்களுக்கு மேலும் மேலும் ஸ்லைடு காட்டவேண்டும் என்பதற்காகவே மேலும் மேலும் படம் எடுக்கலானார். எந்தப் பள்ளியிலும் அவர் இக்கலையைப் பயின்றதில்லை. எவரும் அவரை நியமிக்கவில்லை. தம் கூட்டத்தாருக்குத் தம் கூட்டத்தாரையே காட்டவேண்டும் என்ற ஆசை ஒன்றே அவருக்குக் குருவாய் அமைந்தது.

அந்த ஆசைக்கு விரைவிலே ஊதியமும் கிடைத்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு அடுத்த ரெடாண்டோ கடற்கரைக்கு, 'பபலோ ஸ்பிரிங்பீல்டு' என்ற புதிய குழுவைச் சேர்ந்த நண்பர் ஒருவருடன் அவர் சென்றிருந்தார். அங்கே ஒரு சுவரில் தீட்டப்பட்டிருந்த பெரிய சித்திரத்தைப் படம் பிடிக்க எண்ணினார். சித்திரத்தின் அளவு விளங்கும் பொருட்டு, வெளியே வந்த பாடகர்களை அதன் முன் நிற்கும்படி கேட்டார். அந்தப் படத்தை ஒரு பத்திரிகை 100 டாலர் கொடுத்து வாங்கிக் கொண்டது. படம் எடுப்பது ஜீவனோபாயமும் ஆகக்கூடும் என்பதை அன்றுதான் அவர் உணர்ந்தார்.

லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள லாரல் கான்யன் என்னும் மலைச்சாரலில் அக்காலத்தில் பாடகர் பலர் அண்டை வீட்டாராக வசித்தனர். ஸ்ரீ டில்ட்ஸும் அங்கே வசித்தார். ஜோனி மிட்செல், டேவிட் கிராஸ்பி, ஸ்டீபன் ஸ்டில்ஸ், கிரஹாம் நாஷ், காஸ் எலியட் முதலியோர் அவருக்கு நண்பர்கள். 1968-ல் காஸ் எலியட் அம்மையாரின் வீட்டுத் தோட்டத்தில் ஜோனி மிட்செல் கிட்டார் மீட்டிப் பாட, இங்கிலாந்திலிருந்து வந்திருந்த எரிக் கிளாப்டன் அவர் விரல்களையே கூர்ந்து நோக்கியிருக்கும் காட்சி ஸ்ரீ டில்ட்ஸின் காமிராவில் பதிந்தது. அன்று அங்கே ஒரு பத்திரிகை நிருபர் புகுந்திருந்தால் அனைவரும் எழுந்து நின்று புன்னகை செய்திருப்பார்கள். பாட்டும் நின்றிருக்கும். தங்களுள் ஒருவர்தான் காமிராவுடன் உட்கார்ந்திருக்கிறார் என்பதால் எவரும் அசையவில்லை. இதுவே அவருடைய வித்தையின் ரகசியம் என்று நாம் கருதுகிறோம். பாடகன் எப்போது மூச்சு வாங்குவான், எப்போது கண்ணை மூடுவான் என்பது பாடியவனுக்கன்றோ தெரியும்!

1969-ம் வருஷம் கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் மூவரும் சேர்ந்து வெளியிட்ட முதல் இசைத்தட்டின் உறைக்காக, பாழடைந்த ஒரு சிறு வீட்டின் வாசலில் கிடந்த பழைய சோபாவில் அவர்களை உட்கார வைத்துப் படம் எடுத்தார். பின்னர்தான் குழுவின் பெயரில் எந்த வரிசையில் மூவர் பெயரும் வரவேண்டும் என்பது முடிவாயிற்று. படத்திலோ வரிசை தலைகீழாக இருந்தது. மீண்டும் எடுக்கலாம் என்று சில நாட்களுக்குள் அங்கே திரும்பியபோது, வீடு இடிக்கப்பட்டுவிட்டது. இடிபாடு மாத்திரமே கிடந்தது. ஆகவே, வரிசை மாறிய அந்தப் படமே உறையில் அச்சேறிற்று. இன்று எடுக்காத படம் நாளைக்குக் கிடைக்காது என்பதற்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் வேண்டுமா? நமது புறநகர்களிலே ஏரிக்கரையும் தோப்பும் கூத்துக் களமும் இருந்த இடங்களில் அடுக்குமாடிகள் எழும்பி வருவதைத் தினந்தோறும் காணும் நேயர்கள் இதை நன்கு உணர்வார்கள்.

அதே 1969-ம் வருஷம் டிசம்பரில் 'டோர்ஸ்' என்ற குழுவுக்காக எடுத்த படத்தின் கதையும் சுவையானது. லாஸ் ஏஞ்சலிஸில் ஏழைகள் தங்கும் 'மாரிஸன் ஹோட்டல்' என்ற விடுதி இருந்தது. அறை வாடகை இரண்டரை டாலர் முதல் என்று ஜன்னலில் ஒரு பலகை தொங்கிற்று. குழுவின் பாடகர் ஜிம் மாரிஸனின் பெயரே விடுதிக்கும் வாய்த்திருந்ததால், அங்கே படம் எடுக்க விரும்பினர். விடுதிக் குமாஸ்தா அனுமதி மறுத்தார். அவர் சற்று அப்பால் சென்ற சமயம் பார்த்துக் குழுவினர் உள்ளே ஓடி ஜன்னலின் பின் நின்றனர். தெருவிலிருந்து ஸ்ரீ டில்ட்ஸ் மளமளவென்று படங்களை எடுத்து முடித்தார். அனுமதியின்றிச் செய்த அக்காரியத்தை நாம் புகழ வரவில்லை. ஆனால் அப்படம் அந்த எளிய விடுதியின் பெயரை உலகமெங்கும் கொண்டு சென்றது உண்மை. 2024-ம் வருஷம் டிசம்பரில் அக்கட்டடம் தீப்பற்றிச் சேதமுற்றது, படமோ நிற்கிறது.

இனி, தமிழ் நேயர்கள் விசேஷமாகக் கவனிக்க வேண்டிய ஒரு கட்டத்துக்கு வருகிறோம். 1969-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் நியூயார்க் மாகாணத்தில் பெத்தெல் என்னும் சிற்றூரில், மாக்ஸ் யாஸ்கர் என்ற பால்பண்ணைக்காரரின் வயலில், 'வுட்ஸ்டாக்' சங்கீத விழா நடைபெற்றது. நான்கு லட்சம் பேருக்கு மேல் கூடினர். ஸ்ரீ டில்ட்ஸ் அவ்விழாவின் புகைப்படக்காரராக நியமனம் பெற்று, விழாவுக்குச் சில தினங்கள் முன்னதாகவே அங்கே சென்றார். மேடை எழும்புவதையும், தச்சர்கள் மரம் அறுப்பதையும், காலியாயிருந்த வயலையும் படம் பிடித்தார். பாடகர்கள் வந்த பின்பே வரும் நிருபர்களுக்குத் தச்சர்கள் தென்படமாட்டார்கள். மேடையின் கஷ்டத்தை அறிந்த பாட்டுக்காரருக்கு அவர்கள் தென்பட்டனர்.

அவ்விழா தொடங்கிய நாள் ஆகஸ்டு 15. நமது சுதந்திரத் திருநாள். அன்று மாலை அம்மேடையில் அமர்ந்து, அந்த ஜனசமுத்திரத்துக்குத் தொடக்க உரை நிகழ்த்தியவர் ஒரு தமிழர்: கோயமுத்தூர் ஜில்லாவில் செட்டிபாளையத்தில் 1914-ம் வருஷம் பிறந்த சுவாமி சச்சிதானந்தர். அன்றிரவு மழைத் தூறலுக்கிடையே பண்டித ரவி சங்கர் சிதார் வாசித்தார். உஸ்தாத் அல்லா ரக்கா தபலா வாசித்தார். அமெரிக்க இளைஞர்களின் சரித்திரத்தில் பேர்பெற்ற ஒரு விழாவில் நமது தேசத்தாருக்கும் நமது மொழியினருக்கும் இவ்வாறு இடம் இருந்தது. ஆனால் அதைப் பதிவு செய்த காமிராக்கள் அவர்களுடையவை. அதற்காக அவர்களைக் குறை கூறுவது நியாயமன்று. நமது விழாக்களை நாம் எவ்வாறு பதிவு செய்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வதுதான் நியாயம்.

ஸ்ரீ டில்ட்ஸ் இருநூறுக்கு மேற்பட்ட இசைத்தட்டுகளின் உறைகளுக்குப் படம் எடுத்தார். அவற்றுள் பலவற்றை உருவமைத்தவர் அவருடைய தோழராகிய காரி பர்டன். 2001-ம் வருஷம் ஸ்ரீ டில்ட்ஸ் வேறு இருவருடன் கூடி, அந்தப் பழைய விடுதியின் பெயராலேயே நியூயார்க்கில் ஒரு சித்திரசாலையை நிறுவினார். சங்கீதக்காரர்களின் படங்களும் கலைப் பொருள்களே என்ற கௌரவத்துடன் அங்கே விற்பனையாயின. பழைய சாமான் கடையில் தொடங்கிய காரியம் சித்திரசாலையில் வந்து சேர முப்பத்தைந்து வருஷங்கள் பிடித்தன.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். நண்பன் எடுக்கும் படத்தில் பட்சபாதம் இருக்காதா? இருக்கும். ஸ்ரீ டில்ட்ஸின் படங்களிலே வெயிலும் சிரிப்பும் தோழமையும் மிகுதி. ஆனால் அவர் படம் பிடித்தவர்களில் ஜிமி ஹெண்டிரிக்ஸ் 1970-லும், ஜிம் மாரிஸன் 1971-லும் தத்தம் 27-வது வயதில் மாண்டனர். காஸ் எலியட் அம்மையார் 1974-ல் 32-வது வயதில் காலமானார். அக்கூட்டத்தைப் பற்றியிருந்த போதைப் பொருளின் இருளை அந்த வெயிற்படங்களைக் கொண்டு மாத்திரம் ஒருவர் அறிய முடியாது. ஆதலால் உள்ளிருந்து எடுத்த படம் ஒன்றே போதும் என்று நாம் வாதிக்கவில்லை. வெளியிலிருந்து காண்பவனும் வேண்டும். ஆயின் நமது தேசத்தில் நேர்ந்ததென்ன? வெளியிலிருந்து கண்டவனின் படம் மாத்திரமே நமக்கு மிஞ்சியது.

இதற்குச் சரித்திரம் சாட்சி. காமிரா இந்நாட்டுக்கு வந்தது ஆங்கிலேயருடன்தான். லின்னியஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்று, மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் கோயில்களை எடுத்த படங்கள் 1858-ல் வெளியாயின. கற்களை அவர் அழகாகவே எடுத்தார். மனிதர்களை எடுக்கத் தொடங்கிய போதுதான் விஷயம் வேறாயிற்று. 1868-ம் வருஷம் தொடங்கி 1875-ம் வருஷம் வரையில் 'இந்திய ஜனங்கள்' என்ற பெயரால் எட்டு வால்யூம்கள் லண்டனில் பிரசுரிக்கப்பட்டன. நானூறுக்கு மேற்பட்ட படங்கள் அவற்றிலே உண்டு. பெரும்பாலான படங்களின் கீழே ஜாதியின் பெயரோ கூட்டத்தின் பெயரோ இருக்கும். இவர்கள் நம்பத் தகுந்தவர்களா, கலகக்காரர்களா என்பது போன்ற குறிப்புகளும் ஆங்காங்கே இருக்கும். 1857-ம் வருஷத்துப் புரட்சியைக் கண்டு நடுங்கிய அரசாங்கம், தன் பிரஜைகளை அடையாளம் கண்டு வகைப்படுத்தி வைக்க விரும்பியதில் வியப்பில்லை.

நாம் கேட்பது இது: ஆங்கிலேயர் போய் எத்தனையோ வருஷங்கள் ஆன பின்பும், "நாட்டுப்புறக் கலைஞர் ஒருவர்" என்று நாம் படத்தின் கீழ் எழுதுவது எந்த வழக்கத்தின் தொடர்ச்சி? பெயரை நீக்கி வகையை மாத்திரம் எழுதிய அந்த எட்டு வால்யூம்களின் தொடர்ச்சியன்றோ?

தேசிய இயக்கக் காலத்திலேயே இதை உணர்ந்த தமிழர் இருந்தார். ஸ்ரீ ஏ. கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலையை முறையாகப் பயின்றவர். மகாத்மாவின் வாழ்க்கையைச் சலனப் படமாக்க வேண்டுமென்று உறுதி பூண்டு, கண்டம் கண்டமாகச் சுற்றி, யார் யாரிடமோ சிதறிக் கிடந்த பிலிம் துண்டுகளைச் சேகரித்து, 1940-ம் வருஷம் அதைத் தமிழில் வெளியிட்டார். நம் தலைவரின் உருவத்தை நாமே காத்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு தமிழ் இளைஞரின் உள்ளத்திலே அப்போதே உதித்தது. அதே 1940-ம் வருஷம் டிசம்பர் மாதம் 31-ந் தேதி, தேசியப் பாடல்களை நாடக மேடையில் பாடியதற்காகப் பல முறை சிறை சென்ற ஸ்ரீ விசுவநாததாஸ், சென்னையில் மேடையிலே முருகன் வேஷத்தில் பாடிக்கொண்டிருக்கையிலேயே உயிர் நீத்தார். நாவிதர் குலத்திற் பிறந்தவர் என்பதற்காக அவருடன் நடிக்க மறுத்தவர்களும் உண்டு. தலைவர்களின் படங்களைக் காத்து வைத்த நாம், தலைவர்களின் சொல்லை ஜனங்களிடம் கொண்டு சென்ற பாட்டுக்காரர்களின் படங்களை அதே சிரத்தையுடன் காத்து வைத்தோமா? நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக் கொள்ள வேண்டிய கேள்வி இது.

நல்ல அறிகுறிகள் இல்லாமற் போகவில்லை. ஆவடிக்கு அருகே கரலப்பாக்கத்தில் பிறந்து, திரைப்பட டைரக்டராகப் புகழ் பெற்ற ஸ்ரீ பா. ரஞ்சித்தின் முயற்சியால், சங்கீதக்காரர் டென்மாவுடன் கூடி, 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு அமைந்தது. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை தொட்டுச் செல்லும் கீழ்ப்பாக்கத்திலே, 2018-ம் வருஷம் ஜனவரி மாதம் 6-ந் தேதி அக்குழு முதன் முதல் மேடை ஏறிற்று. கானாப் பாடகர்களும் பறையும் சட்டியும் ஒரு பக்கம், மின்சாரக் கிட்டாரும் மேல்நாட்டு டிரம்மும் மறு பக்கம். சாவு வீட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த பாட்டு, ராக் சங்கீதத்துடன் கை கோத்து, ஜாதிக் கொடுமையைத் தட்டிக் கேட்டது. அமெரிக்காவிலே நாடோடிப் பாட்டும் ராக் சங்கீதமும் கலந்த அதே ரஸாயனம், நமது மண்ணில் நமது நியாயத்துக்காக நிகழ்ந்ததென்று கூறலாம்.

காமிராவின் பக்கத்திலும் வழி பிறந்திருக்கிறது. துப்புரவுத் தொழிலாளரின் துயரத்தைப் படம் பிடித்துப் பெயர் பெற்ற புகைப்படக்காரர் ஸ்ரீ பழனிக்குமார், அத்தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் மீனவர் பிள்ளைகளுக்கும் காமிராவைக் கொடுத்துக் கற்பித்திருக்கிறார். தம் தெருவையும் தம் தாயையும் அப்பிள்ளைகளே படம் பிடித்தனர். இந்த இரண்டு முயற்சிகளும் ஒன்று சேர வேண்டும் என்பதே நமது அவா. பம்பைக்காரரின் மகனும் கூத்துக்காரரின் மகளும் காமிரா பிடிக்க வேண்டும்.

இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. ஸ்ரீ டில்ட்ஸ் தொடங்கியது பழைய காமிரா ஒன்றைக் கொண்டு. இன்று நமது இளைஞர் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் அதைவிடச் சிறந்த காமிரா இருக்கிறது. வேண்டியது சிரத்தையும் ஒழுங்கும்தான். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் பொதுக் காரியங்களில் ஈடுபட்டுள்ள அன்பர்களுக்கு நாம் மூன்று யோசனைகளைச் சமர்ப்பிக்கிறோம்.

முதலாவது, பெயர். விழா நடத்துவோர் அச்சிடும் நோட்டீஸிலும், வெளியிடும் படத்திலும், வாசித்தவரின் பெயர், ஊர், வாத்தியம், தேதி, படம் எடுத்தவர் பெயர் ஆகிய ஐந்தும் இடம்பெற வேண்டும். பத்திரிகைகளும் இவ்விதியைக் கைக்கொள்ள வேண்டும். நாமும் பத்திரிகைக்காரர் என்ற முறையில் இக்குற்றத்தில் நமக்குள்ள பங்கை மறைக்க விரும்பவில்லை.

இரண்டாவது, பயிற்சி. ஒவ்வொரு கலைக் குழுவும் தன்னுள் ஓர் இளைஞனையோ யுவதியையோ பொறுக்கி, படம் எடுக்கும் வேலையை ஒப்படைக்க வேண்டும். மேடையை மாத்திரமின்றி, தோலைத் தீயில் காய்ச்சுவதையும், முகத்தில் அரிதாரம் பூசுவதையும், விடியற்காலையில் களைத்துப் பஸ்ஸுக்குக் காத்திருப்பதையும் அவர்களே படம் பிடிக்க முடியும். அந்நியருக்கு அவை அகப்படா. அகப்பட்டாலும் பொருள் விளங்கா.

மூன்றாவது, சேமிப்பு. கைபேசியில் உள்ள படம் கைபேசியோடு போய்விடும். வருஷத்துக்கு ஒரு முறையேனும் சிறந்த படங்களை அச்சிட்டு, விவரம் எழுதி, உள்ளூர் நூலகத்தில் ஒரு பிரதி வைக்க வேண்டும். தனிமனிதரின் சிரத்தை எவ்வளவு சாதிக்கும் என்பதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் உதாரணம். அவர் தமது வீட்டில் சேர்த்து வைத்த பழைய நூல்களும் நோட்டீஸுகளும் பத்திரிகைகளும், 1994-ல் சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகத்துக்கு அஸ்திவாரமாயின. அவர் கோடீசுவரரல்லர், விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர்.

"ராக் சங்கீதமென்னும் அந்நிய ஆரவாரத்தைப் பற்றி ஒரு தேசிய தினசரியில் இவ்வளவு எழுத வேண்டுமா?" என்று கேட்கும் பெரியோர்கள் உண்டு. அவர்களுக்கு நமது விடை இதுதான். அந்த ஆரவாரத்தை நாம் இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. ஒரு கூட்டத்தார் தங்களுள் ஒருவனைக் கொண்டே தங்கள் காலத்தைப் பதிவு செய்து கொண்ட முறையைக் கற்றுக்கொள்ளச் சொல்லுகிறோம். நல்ல முறை எந்தத் தேசத்திலிருந்து வந்தாலும் கொள்ளத் தக்கதே.

ஆவடி என்ற பெயர் தேச சரித்திரத்தில் இடம் பெற்ற ஒன்று. 1955-ம் வருஷம் ஜனவரி மாதம் அங்கே கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிஸ மாதிரியில் சமுதாயத்தை அமைப்பதே லட்சியம் என்று தீர்மானித்தது. செல்வம் சிலரிடம் மாத்திரம் குவியலாகாது என்பது அதன் கருத்து. பெயரும் ஒரு செல்வமே. உபயதாரருக்கும் பிரமுகருக்கும் மாத்திரம் குவிந்து கிடக்கும் அந்தச் செல்வத்தை, இரவு முழுவதும் வாசித்தவருக்கும் பங்கிட்டுக் கொடுப்பதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை, எந்தப் பட்ஜெட்டும் தேவையில்லை. வருகிற ஆடியில் படம் எடுக்கும் அன்பர் ஒவ்வொருவரும், மேளம் ஓய்ந்ததும் அருகே சென்று, "ஐயா, தங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு எழுதிக் கொள்ளட்டும். காரியம் அங்கே தொடங்கும்.